முழங்கால் உயரச் சுவர்

லிஃப்ட் பரிசோதகருக்கு அலுவலகத்தில் ‘இன்னொருதடவை’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் லிஃப்டைப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இவர் இரும்பு வடத்தை விரலால் தடவிப் பார்ப்பார், கதவை இருபது தடவை மூடித் திறப்பார், பேனாவைத் திறந்த பிறகு “இன்னொரு தடவை பாத்துடுவோமே” என்று மறுபடி மூடிவிடுவார். காவலாளிகளுக்கு இவரைக் கண்டாலே கொட்டாவி வரும். ஆனால் இவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் நடுவழியில் நின்றதாகப் புகார் வந்ததில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

இப்படிப்பட்டவர் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுகிறார் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாற்பத்தோராவது வயதில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், லிஃப்ட் மோட்டார் சூடு ஆறட்டும் என்று காத்திருந்தபோது, யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன ஒற்றைச் சக்கரம் மூலையில் கிடந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே வைத்து ஏறி உட்கார்ந்து பார்த்தார். விழுந்தார். எட்டு மாதம் விழுந்தார். அதன் மேல் இருக்கும்போது எதையும் இரண்டாம் தடவை யோசிக்க முடியாது, யோசித்தால் தரையில் கிடப்போம். வாழ்நாளெல்லாம் யோசித்தே களைத்துப்போன மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விடுமுறை என்று அவருக்குத்தான் தெரியும்.

நகரத்துக்கு வெளியே ஒரு மலைச்சாலை இருந்தது. பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம், இருபத்தொரு வளைவு. வருடத்தில் ஒரு நாள் காலையில் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு அதைச் சைக்கிள்காரர்களுக்கு விடுவார்கள். மூன்று மணி நேரத்துக்குள் உச்சியில் இருக்கும் கேட்டைத் தாண்ட வேண்டும். முடியாதவர்களைப் பின்னால் வரும் வேன் அள்ளிக்கொண்டு போகும். போன வருடம் முப்பத்தாறு அங்குலச் சக்கரத்தோடு அவரும் கிளம்பினார். ஆறாவது வளைவில் இறங்கிவிட்டார்.

இறங்கினார் என்பதுதான் சரி, விழவில்லை. அந்த வளைவில் சாலையின் வெளிப்பக்கம் ஒரு தடுப்புச் சுவர், முழங்கால் உயரம்தான். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. எங்கோ கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. பெரிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தச் சுவர் இருந்தும் இல்லாதது மாதிரிதான். பயந்து இறங்கிவிட்டார். முப்பது மாடி லிஃப்ட் குழிக்குள் குனிந்து பார்க்கிற ஆள்தான், ஆனால் அங்கே நாலு பக்கமும் சுவர் உண்டு. பின்னால் வந்த வேன் ஓட்டுநர் என்ன ஆச்சு என்று கேட்டபோது, வாய் தானாகவே, “கிராங்க் லூஸாயிடுச்சு” என்றது.

கிராங்க் என்பது அச்சிலிருந்து பெடல் வரை வரும் கை. அது இம்மியும் லூஸாகவில்லை. ஆனால் அந்தப் பொய் அவரோடு வேனில் ஏறி வீட்டுக்கு வந்தது, மறுநாள் அலுவலகத்துக்கும் போனது. கிராங்க் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் உச்சிக்கே போயிருப்பீர்களே என்று பார்த்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். பெரிய சக்கரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, ஆபத்து, யாரும் தொடாதீர்கள் என்று வீட்டில் சொல்லிவைத்தார். இருபத்திரண்டு வருட வேலையில் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. முதல் பொய்க் கையெழுத்து இதுதான், அது அவரைத் தூங்கவிடவில்லை.

இந்த வருடம் மறுபடி பெயர் கொடுத்தார். அந்த வளைவை ஓட்டியே தாண்டிவிட்டால் பழைய பொய் கழிந்துவிடும் என்று ஒரு கணக்கு. தாண்டாவிட்டால் இன்னொரு வண்டி, இன்னொரு பழுது, இன்னொரு பொய். அப்புறம் தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

அதனால் வண்டி தேர்ந்தெடுக்கிற வேலை ஒரு கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற அளவுக்கு நீண்டது. சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். இருபத்து நாலு அங்குலம் என்றால் உச்சிவரை ஒன்பதாயிரத்து நானூறு மிதி. ஏற்றத்துக்கு இலகு, ஆனால் நேரம் போதுமா? முப்பத்தாறு என்றால் ஆறாயிரத்துச் சொச்சம், ஆனால் செங்குத்தில் கால் செத்துவிடும், இறங்கினால் மறுபடி ஏறுவது குதிரைக்கொம்பு. இருபத்தொன்பது நடுவாந்திரம். மனைவி மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள், எந்தக் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடிப்பவள். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காகிதங்களை ஒதுக்கித் தட்டை வைத்தபடியே, மலை அடுத்த மாதம்தான், வருகிற வருடம் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

சைக்கிள் கடையில் சக்கரம் கோக்கிற அம்மா ஒருவர் இருந்தார். அவர் மூன்று வண்டிகளையும் சுவரில் சாய்த்து வைத்தார். நம் ஆள் ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்தார், அதுவரை சரி. பிறகு ஓரத்தில் கிடந்த முழங்கால் உயர பெஞ்சு ஒன்றை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இருக்கையில் இருந்தபடி அதையே உற்றுப் பார்த்தார். இறங்கி டேப்பால் பெஞ்சின் உயரத்தை அளந்தார். மறுபடி ஏறினார். மறுபடி பார்த்தார். கடையம்மா கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

“சார், உங்களுக்குக் கஷ்டம் ஏத்தமா, உயரமா?”

“ஏத்தம்தாம்மா,” என்றார் அவர். இரண்டாவது பொய்.

கடையம்மா மேற்கொண்டு தோண்டவில்லை. இருபத்தொன்பதையே எடுக்கச் சொன்னார். அதன் கிராங்கில் இரண்டு துளை உண்டு. வெளித்துளையில் பெடலை மாட்டினால் நெம்பு நீளம், அழுத்துவது இலகு, ஏற்றத்துக்கு அதுதான் நல்லது, உள்துளை சமதரைக்கு. கடைசியில் வலது கிராங்கில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினார். ஒற்றைச் சக்கரத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கும், எப்போதாவது சக்கரத்தைக் கழற்றினால் மஞ்சள் உங்கள் வலது காலுக்கு வர வேண்டும், மாற்றி மாட்டினால் மிதிக்க மிதிக்க மரை கழன்று பெடல் தனியாக வந்துவிடும் என்று இரண்டு தரம் சொன்னார். அவர் அதை ஒரு காகிதத்திலும் எழுதிக்கொண்டார். எழுதிய காகிதம் வீட்டு மேசையிலேயே தங்கிவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு விடுதி அறை. மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. சாயங்காலம் நான்கு மணிக்குச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது போல இருந்தது. மனைவியைக் கேட்கச் சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. “உங்க நெஞ்சு அடிக்கறதா இருக்கும்,” என்றாள். அவருக்கு மனசு ஆறவில்லை. நான்கு போல்ட்டையும் கழற்றிச் சக்கரத்தை வெளியே எடுத்தார். பேரிங்கைத் துடைத்தார். அப்போது அந்த மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரம் லேசாக எழும்பியிருப்பது கண்ணில் பட்டது. நாளைக்கு ஷூ கயிறு இதில் மாட்டிக்கொண்டால்? நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு சக்கரத்தை மாட்டினார். எத்தனை தடவை சரிபார்த்தார் தெரியுமா? ஐந்து தடவை. நான்கு போல்ட்டின் இறுக்கத்தை ஐந்து தடவை. எந்தக் கிராங்க் எந்தப் பக்கம் என்பதை ஒரு தடவைகூட இல்லை.

காலையில் எல்லாச் சைக்கிள்களும் சர்ரென்று மேலே போய்விட்டன. மனைவி பார்வையாளர் பேருந்தில் ஏறி உச்சிக்குப் போய்விட்டாள். அவர் கடைசி ஆளாக, நிமிடத்துக்கு ஐம்பத்தைந்து மிதி என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு போனார். உண்மையில் எண்ணியது மிதியை இல்லை, வளைவுகளை. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் உள்ளங்கை ஈரமானது. நான்காவதில் இடது காலுக்கடியில் ஒரு நடுக்கம் தெரிந்தது. பயத்தில் கால்தான் உதறுகிறது என்று நினைத்துக்கொண்டார். ஐந்தாவதில் வியர்த்து விறுவிறுத்துப் போனார். ஆறாவது வளைவு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், அந்தச் சுவர் ஆரம்பிக்கிற இடத்தில், இடது பெடல் சாய்ந்து தொங்கியது. குதித்து இறங்கினார்.

குனிந்து பார்த்தார். பெடல் கடைசி ஒரு சுற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிராங்கின் வெளித்துளையில் மரை தூள் தூளாகப் போயிருந்தது. இடது பக்கத்துக் கிராங்கில் வலது பக்கம் என்று எழுத்து பொறித்திருந்தது. கடையம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அப்பாடா என்று ஒரு மூச்சு. இந்தத் தடவை பொய்யே சொல்ல வேண்டாம், யார் வேண்டுமானாலும் கையில் வாங்கிப் பார்க்கலாம், அசல் பழுது. அந்த நிம்மதியை அடையாளம் கண்டுகொண்டதும் காது வரைக்கும் சூடாகிவிட்டது. உடம்பெல்லாம் கூசியது.

வேன் வந்து பக்கத்தில் நின்றது. அதே ஓட்டுநர்.

“அட, நீங்களா சார். போன வருஷமும் உங்களுக்கு இதே எடத்துல கிராங்க் தானே?”

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். கதவு திறந்திருந்தது, உள்ளே இருக்கையில் வெயில் படாத நிழல். அவர் பெடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லங்க,” என்றார். “போன வருஷம் ஒண்ணும் ஆகல. இந்தச் சுவரைப் பாத்துப் பயந்துட்டேன்.”

ஓட்டுநர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. “பதினோரு வருஷமா ஓட்டறேன் சார், இந்த வளைவுல நான் அந்தப் பக்கம் பாக்கறதே இல்ல,” என்று சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தார். இன்னும் நேரம் இருக்கிறது, பின்னால் வேறு யாரும் இல்லை, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

முதுகுப் பையில் ஸ்பேனர் இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகவே இருந்தது. சாலையில் உட்கார்ந்து நான்கு போல்ட்டையும் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டார். வெளித்துளை போய்விட்டதால் இரண்டு பெடலையும் உள்துளைக்கு மாற்றினார். நெம்பு குறைந்துவிட்டது, மீதி மலை முழுக்கக் கால் கெஞ்சும். ஓட்டுநர் வண்டியைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஒரு தடவைதான் இறுக்கினார்.

பிறகுதான் அடுத்த இடி. இவ்வளவு ஏற்றத்தில், இவ்வளவு குட்டை நெம்போடு, எதையாவது பிடிக்காமல் ஒற்றைச் சக்கரத்தில் ஏற முடியாது. மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் இறங்கினார். வேனைத் தொட்டாலோ, ஏற ஓட்டுநர் கைகொடுத்தாலோ வேனில் ஏறியதாகவே கணக்கு, அது விதி. மலைப்பக்கம் முழுக்கத் தண்ணீர் ஓடும் சாக்கடைப் பள்ளம். மிச்சம் இருந்தது அந்தச் சுவர்தான்.

சக்கரத்தைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினார். இருக்கையில் உட்கார்ந்து, வலது காலைப் பெடலில் வைத்தார். இடது காலைச் சுவரின் மேல் வைக்க வேண்டும். வைத்தார். கல் சில்லென்று இருப்பது ஷூவுக்குள்ளேயே தெரிந்தது போல இருந்தது. மரங்களின் உச்சியில் காற்று அசைவது கேட்டது. கண்ணை மூடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுவர் ஆடுகிறதா, இல்லை கால் ஆடுகிறதா என்று இன்னொரு தடவை பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. அந்தச் சுவரையே உதைத்துக்கொண்டு கிளம்பினார்.

வளைவு முடிகிறவரைக்கும் அவர் மூச்சு விட்டாரா என்று எனக்குச் சந்தேகம். சுவர் இடது பக்கம் கூடவே வந்தது, வந்துகொண்டே இருந்தது, அப்புறம் நின்றுவிட்டது. பின்னால் வேன் ஓட்டுநர் ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

அதற்கு மேலும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. ஐந்து இடத்தில் இறங்க நேர்ந்தது. ஐந்து இடத்திலும் இதே மாதிரித் தடுப்புச் சுவரில் கால் வைத்துத்தான் ஏறினார். பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மணி நேரம் பதின்மூன்றாவது வளைவிலேயே முடிந்துவிட்டது. ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனாலும் அவரை நிறுத்தாமல் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

உச்சியில் கேட்டைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேசை மடித்தாகிவிட்டது, பெயர் எழுதுகிறவர் போய்விட்டார். மனைவி மட்டும் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். அவர் இறங்கினார். வண்டியைக் கீழே போட்டுவிட்டு, மூச்சு வாங்குவதற்கு முன்பே, இப்போது விட்டால் வாய் வராது என்கிற அவசரத்தில் சொன்னார்.

“போன வருஷம் கிராங்க் லூஸாகவே இல்ல.”

“தெரியும்,” என்றாள். “என் தம்பி அந்தப் பெரிய வண்டிய ஓட்டிப் பாக்கணும்னு வந்தான். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. சரி பண்ணி வைப்போம்னு பரண்லேருந்து எறக்கினோம். ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தொங்கிப் பாத்தோம், அந்த கிராங்க் அசையல.”

வாரக்கணக்கில் அவள் முன்னால் உட்கார்ந்து மிதிக் கணக்குப் போட்டது அவருக்கு நினைவுக்கு வந்தது.

“ஏன் எங்கிட்ட கேக்கல?”

“கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. அதான் கேக்கல.”

அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். வியர்வைக் கையில் மூடி வழுக்கியது. அவள் வாங்கித் திறந்து கொடுத்தாள்.