படத்தில் இருந்த புள்ளிகள்

குத்தூசியம்மா போன மாதம் இறந்தாள். அறுபத்தொன்பது வயது. இதயம் நின்றது. அதைத் தவிர உடம்பில் வேறு எதற்கும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

தானியக் கிடங்கில் அவள் தரப் பரிசோதகர். மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியைச் செருகுவாள். அதன் குழலில் வரும் ஒரு பிடி தானியத்தைப் பார்த்துச் சரக்கை ஏற்பாள், அல்லது திருப்பி அனுப்புவாள். அந்தப் பெயர் லாரிக்காரர்கள் வைத்தது. அவளிடம் யார் பேச்சும் எடுபடாது.

ஐம்பத்தைந்து வயதில் எடுத்த மார்பக எக்ஸ்ரேயில், இடப்பக்கம் உப்பைத் தூவியதுபோல் சுண்ணாம்புச்சத்துப் புள்ளிகள். கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசி விட்டு நாலு துணுக்குச் சதை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் காகிதம் வந்தது: புற்றுநோய் இல்லை.

மகளுக்குப் போன உயிர் வந்தது. குத்தூசியம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"டாக்டர், படத்துல இருந்த புள்ளி நீங்க எடுத்த துண்டுல இருக்கா?"

"ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கும்மா. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

"சந்தோஷம் கிடக்கட்டும். புள்ளி இருக்கா?"

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். புள்ளிகளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அவ்வளவு பொடிப் புள்ளிகள் ஸ்கேனில் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப பக்கத்து மூட்டையைக் குத்திட்டு இந்த மூட்டைக்குச் சீட்டு எழுதியிருக்கீங்க."

மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "விடும்மா. ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

"நீ சும்மா இரு. குத்து வாங்கினது நான்."

மறு வாரம் எக்ஸ்ரே வழிகாட்டும் இயந்திரம். மார்பைத் தகடுகளுக்கிடையே இறுக்கி, இரண்டு கோணங்களில் படமெடுத்து, புள்ளிகளின் இடத்தைக் கணினி கணக்கிட்ட பிறகே ஊசி இறங்கியது. அசையக் கூடாது. அவள் மூச்சையே அளந்து விட்டாள். எடுத்த துணுக்குகளையும் எக்ஸ்ரே எடுத்துத் தனக்குக் காட்டாமல் தகட்டைத் தளர்த்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

முதல் ஆறு துணுக்குகளின் படத்தில் வெறும் சாம்பல் நிறம். டெக்னீஷியன் பெண் தயங்கினாள்.

"ரொம்ப நேரமாச்சும்மா. வலிக்குமே. இன்னொரு நாள் வச்சுக்கலாமா?"

"இன்னொரு நாள் வந்தா மட்டும் இனிக்கப் போகுதா? கொஞ்சம் தள்ளிக் குத்துங்க டாக்டர்."

டாக்டர் மறுபடி படமெடுத்து, ஊசியை நாலு மில்லிமீட்டர் நகர்த்தினார். அடுத்த துணுக்குகளின் படம் வந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினார்கள். வெள்ளைப் புள்ளிகள். அவள் ஒன்றுவிடாமல் எண்ணினாள். பதினொன்று.

"இப்ப கழட்டுங்க," என்றாள்.

காகிதம் வந்தது. புள்ளிகள் இருக்கின்றன. புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பக் கட்டம்தான், பால்குழாயின் சுவரை இன்னும் தாண்டவில்லை. மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். குத்தூசியம்மா கையெழுத்துவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதை நம்புறேன். எப்ப வெட்டுறீங்க?"