டிஸ்க் பிரேக்குக்கு அம்மா வைத்த பொட்டு

இன்று காலை ரயில்வே மேம்பாலத்து இறக்கத்தில், சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் என் சைக்கிள் நின்றுவிட்டது!

(நின்றதெல்லாம் ஒரு பதிவா என்பவர்களுக்கு: என் எடை நூற்று நான்கு கிலோ. நான் கிளம்புவது செய்தி என்றால், நிற்பது தலைப்புச் செய்தி.)

விருதுநகர்க்காரனுக்கு இறக்கம் என்றால் இந்தப் பாலம்தான். மிதிக்காமல் ஓடும் சுகம் மொத்தமே அரை நிமிடம்.

மலைப்பாதையில் அந்தச் சுகம் கீழே வந்து சேரும்வரை கிடைக்குமாம். இரண்டு வருடமாக எனக்கு இதே நினைப்பு. பாடம் நடத்த வகுப்பில் வரைபடத்தை விரித்தால்கூட மேற்கு ஓரத்து மலைக்குத்தான் கண் போகும்.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைக்கிள் குழு மலைக்குப் போவதாக முடிவானது.

குழுவை நடத்தும் செண்பகம் அக்கா (சிவகாசியில் அச்சக வேலை; மெஷினையும் எங்களையும் ஒரே குரலில் மிரட்டுவார்) ஒரே நிபந்தனைதான் வைத்தார். பாலத்திலிருந்து வேகமாக இறங்கி, அவர் போட்ட கோட்டுக்குள் நிற்க வேண்டும்.

பூஜைக்கு மறுநாள் நடந்த சோதனையில் நான் கோட்டைத் தாண்டி, டீக்கடையையும் தாண்டி, வாழைத்தார் தொங்கிய கம்பைக் கட்டிப்பிடித்து நின்றேன்.

"இங்கனயே நிக்கலேன்னா மலைல எங்கன போயி நிப்ப? இந்தத் தடவ வேண்டாம்லே."

கத்திச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கிண்டலடித்திருப்பேன். அக்கா மெதுவாகச் சொன்னார்.

தப்பு பிரேக்கில் இல்லை, புரோட்டாவில் என்று நண்பன் மாரி ஆராய்ந்து சொன்னான். நானும் நம்பி, எண்ணெய் புரோட்டாக் கடை இருக்கும் தெருப் பக்கமே போகாமல் பத்து நாள் சுற்றுவழியில் போனேன்.

குழு மலைக்குப் போய்வந்தது. படங்கள் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் லைக் போட்டேன்.

ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஆளே இல்லை. ஒரு வளைவில் ரோடு மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போனேன். சக்கரத்துத் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடைக் கழற்றியவர் மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏலே, இதுல சந்தன வாசம்ல அடிக்குது?"

வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அம்மாவுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனியில் வேலை. பூஜையன்று கம்பெனியில் இருந்த சாமானுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்த கையோடு, என் சைக்கிளின் முன், பின் டிஸ்க் தகடுகளையும் நல்லெண்ணெய் போட்டு மினுக்கி, இரண்டு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்.

ஹேண்டில்பாரில் வைத்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் ஓடுறதுக்குத்தானடா இருக்கு. ஒன்னய நிப்பாட்டுறது அதுதான? அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்க?"

மறுபடி அண்ணாச்சி கடைக்கே போனேன்.

எண்ணெய் குடித்த பேட் எவ்வளவு தேய்த்தாலும் தேறாதாம். அண்ணாச்சி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமான ஆளுக்குச் சூடு தாங்கும் என்று உலோகம் கலந்த பேட் மாட்டினார். முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பெரிய தகடு, கேபிளுக்கு அழுத்தினால் சுருங்காத புது உறை. பின் தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்தார்.

புது பேடை உடனே நம்பக்கூடாதாம். வேகமாகப் போய், முழுசாக நிற்காமல், வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இருபது இருபது தடவை.

சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் மூன்று நாள் காலை அதைத்தான் செய்தேன். வாக்கிங் வந்தவர்கள் பக்கத்தில் வேகம் குறைப்பேன். பேசப்போகிறான் என்று அவர்கள் சிரித்ததும் மிதித்துவிடுவேன். (மன்னிக்கவும், எல்லாம் பிரேக்குக்காகத்தான்.)

இன்று கோட்டுக்கு முன்னால் நின்றதும் அக்கா கோட்டையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நின்னுட்டியேலே," என்றார்.

பிறகு, மலையில் மழை, ரோட்டை அடைத்துவிட்டார்கள், எப்போது திறப்பார்களோ தெரியாது என்றார். திறந்தால் நான்தான் முதல் ஆளாம்.

எல்லோரும் போன பிறகு, பாலத்தின் உச்சிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். மேற்கே வெறும் மேகம். மலை அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கியவர்கள் யாராவது இருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

அவ்வளவு நேரம் மிதிக்காமல் போகும்போது, கால்களை என்ன செய்வீர்கள்?