ஓட்டை போட்ட ராஜா காசு

ஹட்டனில் ஓர் அடகுக்கடையில் நகை உரைத்துப் பார்க்கும் வேலை எனக்கு. கம்பி வலைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பேன். வெளியே நிற்பவர்கள் நீட்டுவதை வாங்கி, கல்லில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டு, நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்துச் சொல்வேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். அவர்கள் என் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகிவிட்டேன். என் தங்கச்சி வந்து நின்ற அன்றைக்கு மட்டும் அது முடியவில்லை.

அவள் கையில் இருந்தது எங்கள் வீட்டு ராஜா காசு. வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜாவின் தலை, மறுபக்கம் பூவும் கொடியும். கிரீடத்துக்கு மேலே ஒரு ஓட்டை. எங்கள் வீட்டில் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிற அன்று, இந்தக் காசைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டுவார்கள். பிள்ளை ஓடி விளையாடும் வரைக்கும் அது கழுத்தில் கிடக்கும். அண்ணனுக்குக் கட்டினார்கள், எனக்கும் தங்கச்சிக்கும் கட்டினார்கள், அண்ணன் பிள்ளைகளுக்கும் கட்டினார்கள். அம்மா இருந்தவரை அது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அம்மா போன பிறகு பெட்டிச் சாவி அண்ணியின் இடுப்புக்கு வந்தது.

தங்கச்சிக்குக் கல்யாணமாகி வெகு காலம் பிள்ளையில்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் பிறந்த மகளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தாள். கறுப்புக் கயிறு வேண்டாம், வெள்ளிச் சங்கிலியில் போடலாம் என்று ஆசைப்பட்டு, அண்ணியிடம் காசை வாங்கிக்கொண்டு பஜாரில் ஒரு வெள்ளிக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் கையில் வாங்கியதுமே சிரித்துவிட்டாராம்.

"இது வெள்ளியில்லைங்கிறாருக்கா. நீ பாரு."

அந்தக் காசை நான் எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறேன். ஆனால் உரைகல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வீட்டு அம்மிக்கல்லை யாராவது எடை போட்டுப் பார்ப்பார்களா?

பழைய காசு வாங்குகிறவர்கள் முதலில் மேடான இடங்களைப் பார்ப்பார்கள். ராஜாவின் முடியும் காதும் கிரீடத்து முத்துகளும் தனித்தனியாகத் தெரிந்தால் அது நல்ல தரம். தலை வெறும் நிழல் போலத் தெரிந்தால் கடைசித் தரம். ஓட்டை போட்டுவிட்டால் தரம் பேசவே மாட்டார்கள், வெள்ளி எடைக்குத்தான் கேட்பார்கள். எங்கள் ராஜாவுக்குக் காதே இல்லை. முகம் முழுக்க மழுங்கியிருந்தது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. தராசில் வைத்தபோதுதான் திக்கென்றது. வெள்ளி ரூபாய்க்கு இருக்க வேண்டிய எடை அதில் இல்லை. மேசைக் கண்ணாடிமேல் மெல்லப் போட்டேன். வெள்ளியென்றால் மணி போல நின்று கேட்கும். இது "டக்" என்று செத்துப்போனது. விளிம்பைச் சுற்றியிருக்கும் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தன.

"ஓரத்துல லேசா அரம் போடணும். போடவா?"

"போடுக்கா."

அரம் பட்ட இடத்தில் மஞ்சள் தெரிந்தது. கல்லில் உரைத்து ஆசிட் விட்டேன். கோடு பச்சையாகப் பொங்கியது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். வெள்ளியென்றால் பால் போலத் திரியும். திரியவில்லை.

"வெள்ளியில்ல," என்றேன். "பித்தளை. மேல வெள்ளி முலாம்."

தங்கச்சி வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நம்ம காசு எங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இதுதான் நம்ம காசோ என்னமோ. முதல்லருந்தே இப்படி இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"அம்மா பொய்க் காசையா நம்ம கழுத்துல கட்டிவிட்டாங்க? சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர்கள் இன்னும் தோட்டத்துப் பழைய லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார்கள். அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார், அண்ணி தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். நாங்கள் போனபோது அண்ணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தங்கச்சியின் மகளைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார். தங்கச்சி கலியாணத்துக்கு முன்னால் டைபாயிட் வந்து கிடந்தபோது, வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டியது அண்ணிதான்.

தங்கச்சி காசை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது வெள்ளியில்லையாம் அண்ணி. அக்காவே பாத்துட்டா."

அண்ணி என்னைப் பார்த்தார். "அப்படியா புள்ள?"

"ஆமாங்க அண்ணி. பித்தளை."

"அத்தை குடுத்ததத்தானே குடுத்தேன்," என்றார் அண்ணி. அப்போது அவருக்கு விஷயம் புரியவில்லை. தங்கச்சி அடுத்து சொன்னதில்தான் புரிந்தது.

"அம்மா குடுத்தது வெள்ளி. போன வருசம் உங்க தம்பி வெளிநாடு போறதுக்குக் கஷ்டப்பட்டாரே, அப்ப எதும்…" முழுசாக முடிக்கவில்லை.

அண்ணியின் இடுப்பில் இருந்த பிள்ளை அவர் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையை மெதுவாக விலக்கினார். எங்களைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார். நானும் அண்ணனைத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை. "என்னா பேச்சு பேசுறே" என்று தங்கச்சியை ஒரு அதட்டு. அவ்வளவு சொல்லியிருந்தால் போதும். அண்ணன் வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசு அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. தொடவில்லை.

"பழைய காசா புதுக் காசான்னு இன்னும் நான் பாக்கல. வெள்ளியில்லைன்னு மட்டுந்தான் சொன்னேன். அவசரப்பட்டுப் பேசாத," என்று நான் தங்கச்சியிடம் சொன்னேன். என் குரல் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அண்ணி பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்தார். உள்ளே போய் அடுப்பை அணைத்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்தார். சத்தம் போடவில்லை, அழவில்லை, கோயிலில் சூடம் அணைக்கிறேன் என்று சத்தியம் செய்யவில்லை. ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு, கந்தப்பளையில் இருக்கும் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பெரியவள் டியூசன் முடிந்து வந்து, "அம்மா எங்க?" என்று கேட்டாள்.

காதுகுத்து தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. தங்கச்சி புதிதாக ஒரு வெள்ளி டாலர் வாங்கிக் கட்டியிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர், "மூத்த மாமி எங்க?" என்று கேட்டார்கள். அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போயிருக்காங்க என்று அண்ணன் சொன்னார். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணன் மடியில் பிள்ளை வீரிட்டு அழுதது. அண்ணன் முகத்தைப் பார்த்தால் அவருக்குத்தான் காது குத்தியது போல இருந்தது.

பித்தளைக் காசு என் கைப்பைக்குள் கிடந்தது. தங்கச்சிக்கு வேண்டாம், அண்ணன் கேட்கவில்லை. கடையில் கூட்டம் இல்லாத ஒரு காலையில் அதை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை எது வெள்ளி, எது பித்தளை என்று பார்க்கவில்லை. இது எவ்வளவு காலம் கயிற்றில் கிடந்திருக்கும் என்று பார்த்தேன்.

ராஜாவின் தாடைக்குக் கீழேயும் எழுத்துகளின் இடுக்கிலும் மட்டும் முலாம் மிச்சம் இருந்தது. மேடான இடங்களில் எல்லாம் அது தேய்ந்து போய், அழுக்கும் எண்ணெயும் ஏறி ஒரு மங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. புதிதாக மாற்றி வைத்த காசென்றால் அப்படித் தேய வழியில்லை. ஓட்டையைப் பார்த்தேன். துளைக்கருவி போட்ட ஓட்டை வட்டமாக, ஓரம் கூராக இருக்கும். இது மேல்பக்கம் நீண்டு, கயிறு இழுத்து இழுத்து, உள்விளிம்பு கூழாங்கல் போல வழவழத்துக் கிடந்தது. அந்தக் கயிறுகளில் ஒன்று என் கழுத்தில் கிடந்திருக்க வேண்டும்.

எங்களுடைய காசு எங்கேயும் போகவில்லை. இதுதான் எங்களுடைய காசு. எங்கள் குடும்பத்தில் யாருக்கோ, யாரோ ஒருவன், என்றைக்கோ கள்ளக்காசைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறான். வாங்கியவருக்குக் கடைசிவரை அது தெரிந்திருக்காது.

ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. சதுரமாக ஒரு சின்னக் குழி. பின்பக்கம் அதே இடத்தில் லேசாக ஒரு புடைப்பு. அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டில் அண்ணனைப் பிடித்தேன். ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்து, காசையும் லென்ஸையும் அவர் கையில் வைத்தேன்.

ஓட்டையைக் காட்டி நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. கட்டைவிரலால் அந்தக் குழியைத் தடவினார். லென்ஸை அவர் கண்ணில் வைக்கவே இல்லை.

"ஆணி," என்றார்.

"என்னா ஆணி?"

"ரெண்டு ஓட்டை போட்டு நூல் கோத்தா விர்ருன்னு சுத்தும்ல. அதுக்காக சின்ன வயசுல நான்தான் ஆணி வச்சு அடிச்சேன். ஒரே அடி. அதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க. அன்னைக்கு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு."

காசு மேசைமேல் கிடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டாண்டில் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் கந்தப்பளைக்குப் போனோம். வழி முழுக்கத் தங்கச்சி அழுதுகொண்டே வந்தாள். அண்ணி முட்டைக்கோஸ் தோட்டத்தில் கூலிக்குப் போயிருந்தார். கையில் மண்ணோடு வந்து வரப்பில் நின்றபடியே கேட்டார். தங்கச்சி அவர் காலைத் தொடப் போனாள். அவர் விலகிக்கொண்டார்.

"எந்திரிங்க. பிள்ளைய வச்சுக்கிட்டு என்னா இது."

தங்கச்சியை அவர் வாங்க போங்க என்று பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தங்கச்சிக்கும் அது தைத்திருக்க வேண்டும். அழுகை நின்றுவிட்டது.

அண்ணன் ஆணிக் கதையைச் சொன்னார். தலை குனிந்துகொண்டு சொன்னார். அண்ணி முழுவதையும் கேட்டார்.

"பாத்த உடனே தெரிஞ்சிருச்சா?"

"கைபட்ட உடனே தெரிஞ்சிருச்சு."

"அன்னைக்கு ஒரு தடவை கையில எடுத்துப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணலையே," என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

பெரியவளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்ததால் அண்ணி திரும்பி வந்தார். அப்படித்தான் அவரே சொன்னார். சமைக்கிறார், காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகிறார், நாங்கள் போனால் பிளேன்டீ கொடுக்கிறார். பெட்டிச் சாவியை மட்டும் வாங்கவில்லை. அது அண்ணனின் ஆட்டோச் சாவியோடு சேர்ந்து தொங்குகிறது. தங்கச்சி இப்போதும் வாரத்துக்கு இரண்டு தடவை அவருக்குப் போன் எடுக்கிறாள். அண்ணி மரியாதையாகப் பேசுகிறார் என்று என்னிடம் வந்து அழுகிறாள்.

போன மாதம் ஒரு நாள் வலைக்கு வெளியே அண்ணி வந்து நின்றார். கைக்குட்டை முடிச்சொன்றை அவிழ்த்து உள்ளே தள்ளினார். அவருடைய தோடு, எங்கள் அம்மா பெரியவளுக்குப் போட்ட கொலுசு, கலியாணத்துக்கு எங்கள் வீட்டில் போட்ட மோதிரம்.

"அடகு வைக்கிறீங்களா அண்ணி?" என்றேன்.

"இல்ல. நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க. பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது. உங்க கண்ணால பாத்ததா இருக்கட்டும்."

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மற்றப் பெண்களைப் போலவே அவரும் என் முகத்தையே பார்த்தபடி நின்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்து உரைத்தேன். எல்லாம் நல்லது என்று சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் எண்ணி முடிந்துகொண்டு, "வர்றேங்க," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.