ஏரிக்குப் போய்வந்த தடி

மோர்னிங்சைட்டில் அக்காவின் வீட்டு முன்னறையில் திரைச்சீலை தொங்குகிற நீளத் தடியின் ஒரு நுனி, நாய் கடித்துப் போட்டதுபோலப் பிய்ந்திருக்கும். வீடு மூன்று தரம் மாறியும் அக்கா அந்தத் தடியை எறியவில்லை. பிய்ந்த பக்கத்தைச் சுவர் மூலைக்குத் தள்ளி மறைத்து வைத்திருக்கிறாள். நான் அங்கே போனால் அதற்கு முதுகு காட்டுகிற கதிரையைத்தான் தேடுவேன். அதைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் குளிர்ந்துபோகும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். கனடாவுக்குப் படிக்க வந்த நான் அவர்களுடைய முன்னறைச் சோபாவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அத்தானுக்கு ஒரு பொறியியல் அலுவலகத்தில் படம் கீறுகிற வேலை. அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கனடாவைச் செலவில்லாமல் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். பஸ் போகிற கடைசி இடம் வரை போவது, பாணுக்குள் சம்பல் வைத்துச் சாப்பிடுவது, யாராவது சும்மா தருகிற இடத்தில் படுப்பது. "ஹோட்டல் கட்டில்லை படுத்தால் ஊர் தெரியாதடாப்பா, கூரைதான் தெரியும்" என்பார்.

அப்படித்தான் ஒரு கோடையில் வடக்கே, பெரிய ஏரியொன்றின் நடுவில் கிடந்த தீவுக்குப் போனோம். அரைநாள் பஸ், பிறகு ஒரு சின்னப் படகு. அத்தான் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றில் பிறந்தவர். தண்ணீரைக் கண்டதும் ஆளே மாறிவிட்டார். படகோட்டியின் பக்கத்தில் நின்று ஆழம் எங்கே, பாறை எங்கே என்று விசாரித்தார். திரும்பி வரும்போது, கரையிலிருந்த தேவாலயக் கோபுரத்தையும் அதற்கு முன்னால் பட்டுப்போய் நின்ற ஒரு பைன் மரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, படகு போகிற ஆழமான வழியை மனதில் குறித்துக்கொண்டார். எனக்கு நீச்சல் தெரியாது. உப்பு வாசமில்லாத அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தீவில் தபால் கந்தோர் நடத்திய அம்மா தன்னுடைய மரக்குடிலை எங்களுக்கு மலிவாகத் தந்தாள். மாரியில் வந்து கூரைப் பனியை வழித்துக் கொட்டினால் வாடகையே வேண்டாம் என்றும் சொன்னாள். அத்தானின் முகம் மலர்ந்தபோதே, மாரியில் திரும்பி வரப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாசி மாதம் புறப்பட்டோம். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். போக வேண்டாம் என்று அவரிடம் சொல்லித் தோற்றபின் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "தம்பி, அவர் தண்ணியைக் கண்டால் ஒருத்தற்றை சொல்லும் கேக்கமாட்டார். நீ அவரைத் தனிய விடாதை." ஓம் என்றேன். அதற்குள் அத்தான் முன்னறைத் திரைச்சீலையைக் கழற்றித் தடியை உருவிக்கொண்டிருந்தார். ஐஸைத் தட்டிப் பார்க்க வேண்டுமாம். "முன் மாடிச் சனமெல்லாம் எங்கடை வீட்டைப் பாக்கட்டும்" என்று ஏசிக்கொண்டே அக்கா ஜன்னலுக்கு ஒரு பழஞ்சேலையைக் கட்டினாள்.

மாரியில் படகு இல்லை. ஏரி உறைந்துவிடும். தீவுக்காரர்கள் சின்னச் சின்ன ஊசியிலை மரங்களை வெட்டி ஐஸில் வரிசையாக நட்டு வைத்திருப்பார்கள். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். போகும்போது ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் காலுக்குக் கீழே எங்கோ தூரத்தில் ஏரி முனகிக்கொண்டிருந்தது. "ஐஸ் கதைக்குது, அவ்வளவுதான்" என்றார் அத்தான். நான் அவருடைய அடிச்சுவட்டில் மட்டுமே கால் வைத்தேன். இரண்டு நாள் கூரைப் பனியை வழித்தபோதும் எனக்குத் திரும்பிப் போகிற நினைப்புத்தான்.

மூன்றாம் நாள் காலை வெளிக்கிடப் பிந்திவிட்டது. மத்தியானம் ஒரே ஒரு பஸ். அதை விட்டால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். மரங்களை விட்டு விலகக்கூடாது என்று தபால்கார அம்மா இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள். பாதி வழியில் அந்த மர வரிசை பெரிதாக வளைந்து போனது. அத்தான் நின்றார். தடியை நீட்டி, கரையில் தெரிந்த கோபுரத்தையும் பட்ட மரத்தையும் காட்டினார்.

"இதுதானடா படகு போன வழி. நல்ல ஆழம். நேரை போகலாம்."

"அத்தான், அந்த மனிசி சொன்னவவெல்லே."

"அவ உதிலை கார் ஓட்டுற ஆக்களுக்குச் சொன்னவ. நாங்கள் நடக்கிறம்."

எங்கள் கடலில் படகுக்காரனுக்குப் பயம், தரை தட்டுவது. ஆழம் என்றால் நிம்மதி. உறைந்த ஏரியில் அது மறுவளம். ஆழமான இடத்தில்தான் அடியில் நீரோட்டம் இருக்கும், அங்கேதான் ஐஸ் மெல்லிசு. இது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவருடைய கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். நான் பின்னால் நடந்தேன்.

வெள்ளையாயிருந்த ஐஸ் கொஞ்ச தூரத்தில் சாம்பல் நிறமாயிற்று. தட்டிய சத்தமும் மாறியது. தடியின் நுனி சட்டென்று உள்ளே இறங்க, அதை இழுத்தெடுக்கக் குனிந்த அத்தான் நெஞ்சு வரை தண்ணீருக்குள் போய்விட்டார்.

நான் ஓடினேன். இதை எப்படி அலங்கரித்தாலும் ஓட்டம் ஓட்டந்தான். அக்காவின் முகம் நினைவுக்கு வரவில்லை. பிறக்கப்போகிற பிள்ளையும் வரவில்லை. என் காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது என்பது மட்டுமே தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு எட்டு ஓடியபின்தான் பின்னால் குரல் கேட்டது. "ஓம், ஓடு! நில்லாதை! மரங்களுக்குப் போ!"

நான் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவர் ஓடச்சொல்லி உத்தரவு போட்டார். அந்தக் குரல்தான் என்னை நிறுத்தியது. திரும்பி, வயிற்றில் ஊர்ந்து போனேன். அழுதுகொண்டுதான் போனேன். அத்தான் ஒரு முழங்கையால் ஐஸ் விளிம்பைப் பற்றியபடி தடியை என்னிடம் தள்ளினார். "எழும்பாதை. மற்றப் பக்கத்தைப் பிடி." ஐஸில் சிக்கிப் பிய்ந்திருந்த நுனியின் சிம்பு என் கையுறையைக் கிழித்தது. விளிம்பு மூன்று தரம் உடைந்தது. நாலாந் தரம் அவர் காலை உதைத்து வெளியே வந்து விழுந்தார். மர வரிசை வரை ஊர்ந்தோம். அந்த வழியால் வந்த ஒரு மீன்காரர் எங்களைத் தன்னுடைய காரில் ஏற்றிக் கரையில் ஒரு வீட்டு அடுப்படியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பிறகு எந்த விருந்திலும் அத்தான் அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. "நான் ஓடு எண்டு கத்தினனான். இவன் கேக்கேல்லை. திரும்பி வந்து இழுத்தவன்." எல்லோரும் என் முதுகில் தட்டுவார்கள். நான் தலையைக் குனிவேன், அதை அடக்கம் என்று நினைப்பார்கள். உண்மையை என்றைக்காவது சொல்லிவிடுவாரோ என்று அவர் இருந்தவரை எனக்குப் பயம். போன மாரியில் அவர் காலமானார். எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அக்கா என் தட்டில் மீன் துண்டு வைக்கும்போதெல்லாம், எதை நினைத்து வைக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

சென்ற மாதம் அக்கா திரைச்சீலையைத் தோய்த்துவிட்டு, மாட்டித் தர என்னைக் கூப்பிட்டாள். சோபாவில் இருந்தபடி தடியை மடியில் வைத்துத் துணியைக் கோத்துக்கொண்டிருந்தாள். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அத்தான் ஓடு எண்டு சொல்ல முந்தியே நான் ஓடிட்டன்."

கோத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு சுருக்கத்தை நீவிவிட்டுத் தடியைத் தூக்கினாள்.

"பாரமாக் கிடக்கு" என்றாள். "மற்றப் பக்கத்தைப் பிடி."

பிய்ந்த நுனி என் பக்கம் வந்தது. பிடித்துக்கொண்டேன்.