கலாதேவியும் அறுநூறு கிராமும்

சுங்கை சிப்புட்டில் டயர் கடையில் வேலை பார்க்கும் கலாதேவி, லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுவாள். மாலையானால் கையில் சிலம்பக் கம்பு. எப்படியாவது பேராக் மாநில அணியில் இடம் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஐம்பத்தைந்து கிலோ பிரிவுக்கான தேர்வு ஈப்போவில் நடந்தது.

எடை பார்க்கும் இடத்திலேயே ஆசையில் மண் விழப் பார்த்தது. அறுநூறு கிராம் கூடுதல்!

ஊர் அணியைக் கூட்டி வந்த பயிற்சியாளர் தர்மாவுக்கு ஆத்திரம். "புரட்டாசி விரதம்னு சொல்லிட்டு எங்கயாச்சும் போய்க் கோழி மாக்கான் பண்ணிட்டியா?"

"ஐயோ அண்ணே, மாசம் பூரா சைவம்தான் லா!"

வினையே அதில்தான் இருந்தது. விரதம் இருந்தால் உடம்பு இறங்கும் என்று நம்பி, சீனக் கடையில் விற்கும் சோயாக் கருவாட்டை ஒரு வாரமாக வறுத்து வறுத்துத் தின்றிருந்தாள். சைவமானாலும் உப்பு உப்புதானே, உடம்பில் நீரைப் பிடித்து வைக்காதா? போதாக்குறைக்கு மாதவிலக்கு வேறு நெருங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், கால்சட்டை இறுகும். மாதவிலக்கு வந்து சில நாளில் தானாக வடிந்துவிடும்.

"குளிர் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வேர்க்க வேர்க்க ஓடு. தண்ணி குடிக்காத," என்றான் தர்மா.

கலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது தின்னு வந்த எடை இல்லண்ணே, பீரியட் வரப்போவுது, அந்தத் தண்ணி! ஓடி மயங்கி விழவா வந்தேன்? அறுபது கிலோவுல நம்ம ஆளு யாரும் இல்லல்ல? அதுல என் பேரப் போடுங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தர்மாவுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அதுல சாந்தினி இருக்கா லா," என்று முனகினான்.

சாந்தினி தெலுக் இந்தான்காரி, போன வருடத்து வெற்றியாளர், கலாவைவிட ஒரு தலை உயரம். இருந்தால் என்ன? கலா ஒரு போத்தல் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுக் களத்தில் இறங்கினாள்.

முதல் இரண்டு புள்ளியும் சாந்தினிக்கு. கலா விடவில்லை. டயர் கழற்றுவது போலக் குந்தி, வந்த வீச்சைத் தலைக்கு மேல் போகவிட்டு, இடுப்பைத் தொட்டாள். மறுபடி குந்தினாள், மறுபடி தொட்டாள். சமன்! கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கடைசி வீச்சில் அவள் கம்பு சாந்தினியின் முழங்காலில் பட்டு வெற்றிப் புள்ளி விழுந்ததும், அதிகம் துள்ளிக் குதித்தது தர்மாதான்.

அடுத்த வாரம் பயிற்சியில் எடை பார்த்தார்கள். ஐம்பத்தைந்துக்கும் கீழே இறங்கியிருந்தாள். தர்மா தலையில் கைவைத்தான்.

"என்னண்ணே பாக்குறீங்க? அறுபது கிலோ பேராக் ஆட்டக்காரி நான். போயி ரொட்டி சானாய் வாங்கிட்டு வாங்க!"