கை மட்டும் கீது

உத்திரமேரூரில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். ஆசைக்கென்று ஒரு பெரிய மரக் கேமரா வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபிலிம் தாள், ஒரு தாளுக்கு ஒரே படம். அதற்கு ஓர் அகல லென்ஸ் வாங்கிய புதிதில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அதைக் கேட்டுத்தான் பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்தில் நாற்று நடும் பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பதினோரு பேர், தெரு அம்மன் கோயில் முன்னால் ஒரே வரிசையில் நிற்க வேண்டுமாம். எதிரே எட்டடியில் சுவர். வேறு லென்ஸ் என்றால் ஐந்து பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாக நின்றார்கள். ஓரத்தில் இருந்த ஒல்லி அக்கா மட்டும் நடுவுக்கு நகர்ந்துகொண்டே வந்தார்.

"யக்கா, அங்கயே நில்லு. படத்துல நீயும் வுழுவ."

"உன் பேச்ச நம்பறதா? எம் பொண்ணு கல்யாணத்துல நீதான எட்த்த? ஆல்பத்துல என் கை மட்டும் கீது, ஆளக் காணோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆல்பத்தின் பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டியவன் நான்தான்.

"இந்த வாட்டி வெட்ட மாட்டேன்க்கா" என்று வாக்குக் கொடுத்து எடுத்துவிட்டேன்.

படத்தைக் கழுவிப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். இந்த லென்ஸ் ஓரத்தில் இருப்பதை அகலவாக்கில் இழுத்துவிடும். ஓரத்தில் வரும் இருட்டைச் சரிசெய்ய, நடுவில் கறுத்த கண்ணாடி ஒன்று உண்டு. இழுப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் ஓரத்தில் மரத்தைத்தான் வைப்பேன், மனுஷரை அல்ல. பீற்றிக்கொண்ட வாய் இதை மட்டும் சொல்லவில்லை. அக்காவின் கன்னமும் தோளும் உப்பிக் கிடந்தன. வெட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. வாக்கு தடுத்தது.

வசவுக்குத் தயாராகத்தான் படத்தோடு போனேன். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"ஏய், இங்க பாருங்கடி! குச்சி குச்சின்னீங்களே, நான் எப்டி பூசனாப்புல கீறேன் பாரு!"

"எங்கள மட்டும் இன்னாத்துக்கு அப்டியே வுட்டுட்ட?" என்று நடுவில் நின்றவர்கள் என்மேல் பாய்ந்தார்கள்.

அக்கா வீட்டுக்குள் போய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தார். மகளின் தோளில் வளையல் போட்ட கை மட்டும் இருக்கும் பக்கத்தைப் பிரித்து, அதன் பக்கத்தில் புதுப் படத்தை வைத்தார்.

"அந்தக் கைக்கு ஆளு இதோ கீது" என்றார்.