ரங்கூன் செக் கடையில் கை நனைத்தேன்

1926 சித்திரையில் நான் ரங்கூன் போனது ஊர் பார்க்க அல்ல, மாப்பிள்ளை பார்க்க. தங்கை வள்ளிக்கு வந்த வரன் ரத்தினம், "வெள்ளைக்காரர் கடையில் வேலை" என்று எழுதியிருந்தான். என்ன வேலை என்று ஒரு வரி இல்லை, படமும் இல்லை. அது தெரியாமல் அவளைக் கடல் தாண்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து கப்பலில் நான்கு நாள், தளத்தில் இடம் பதினைந்து ரூபாய். கூஜா நிறையத் தண்ணீர் கொண்டுபோங்கள். துறைமுகத்திலிருந்து க்யிம்யிண்டைங்குக்கு டிராம் ஓரணா. அங்கிருந்து ஆற்றோரமாகக் கால் மைல் நடை. கடிதத்தில் இருந்த விலாசம் ஒரு மாடி அறை, பூட்டியிருந்தது. மணி பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. மாப்பிள்ளை வரும்வரை உட்காரலாமென்று நுழைந்தேன்.

முதலாளி செக் தேசத்துப் பெரியவர். மாட்டுக்கறி வேண்டாமென்று கையால் சொன்னேன், புரிந்துகொண்டார். இட்லி மாவைத் துணியில் உருட்டி அவித்தது போல ஒரு பண்டம். அதைக் கத்தியால் வெட்டினால் அமுங்கிவிடுமாம்; நூலைச் சுற்றி இழுத்து வில்லை போட்டிருந்தார்கள். மேலே சதகுப்பைக் கீரை போட்ட வெள்ளைக் குழம்பு, அவித்த முட்டை. பிறகு வெண்ணெய் ஊற்றிய மாம்பழக் கொழுக்கட்டை. கொழுக்கட்டையா அது! முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் வழித்துச் சாப்பிட்டேன். மொத்தம் பன்னிரண்டணா.

சமைத்தவரைப் பார்க்க ஆசைப்பட்டேன். வந்தவர் நம்மவர்.

"எந்த ஊருங்க?"

"நாகப்பட்டணம். பேரு ரத்தினம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை. நனைத்தால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். நானோ தட்டையே துடைத்து வைத்திருந்தேன். யாரென்று சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சமையக்காரன்னு எழுதினா பொண்ணு குடுப்பாங்களான்னு பயந்துட்டேண்ணே. தப்புதான். மாட்டுக்கறியும் ஆக்குற கையி இது. நீங்க தெரியாம சாப்பிட்டது கணக்கில்ல. வேணாம்னா வேணாம்னே சொல்லிடுங்க."

என்னைப் பிடித்துக்கொள்ள அவருக்கு நல்ல வாய்ப்பு, விட்டுவிட்டாரே! அந்த இடத்தில்தான் என் மனம் இளகியது.

"இன்னும் ரெண்டு கொழுக்கட்டை வைங்க, மாப்பிள்ளை" என்றேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. மாட்டுக்கறி வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணிக்குமேல் கொழுக்கட்டை மிஞ்சாது. ஆவணியில் மட்டும் போகாதீர்கள். சமையல்காரர் கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறார்.